முயலகனும் ஐந்து நிமிடங்களும்

ஆடவல்லானின் திருவடிக்குக் கீழே குறுகிக் கிடக்கும் உருவை நம் மரபு முயலகன் என்று அழைக்கிறது. வடமொழி நூல்கள் அவனையே அபஸ்மாரன் என்கின்றன. அவன் அறியாமையின் வடிவம் என்று விளக்கம் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இவ்விரு பெயர்களும் நோயின் பெயர்களும் ஆகும். நினைவு அகன்று போதல் என்பது அபஸ்மாரம் என்ற சொல்லின் பொருள். சரக சம்ஹிதை அந்நோயைத் தனியே எடுத்துப் பேசுகிறது. பழந்தமிழில் முயலகன் என்றால் வலிப்பு.

அந்நோய் கண்ட ஒரு பெண்ணின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். மழநாட்டுத் தலைவன் கொல்லி மழவனின் மகளை முயலகன் பற்றியது. செய்த மருத்துவம் எதுவும் பயன் தரவில்லை. தந்தை அவளைக் கொண்டுவந்து திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் முன்னே கிடத்தினான். அவ்வழி வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் நோய் நீங்கி எழுந்தாள். திருச்சிக்கு அருகே கொள்ளிடத்தின் வடகரையில் இன்று திருவாசி என்று வழங்கும் ஊர் அது. அத்தலத்துக் கூத்தர் முயலகன் மீது ஆடாமல் பாம்பின் மீது ஆடுவதற்கும் தலமரபு இந்நிகழ்ச்சியையே காரணமாகச் சொல்கிறது.

அற்புதத்தை அடியார்களுக்கு விட்டுவிட்டுத் தந்தையின் செயலை மட்டும் சற்று நின்று பார்ப்போம். தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று கண்டவன், பிள்ளையைத் தன்னினும் பெரிய ஓரிடத்தில் ஒப்படைத்தான். வலிப்பு கண்ட குழந்தைகளின் வரலாறு நெடுகிலும் இந்த ஒப்படைப்பு தொடர்ந்து வருகிறது. முதலில் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும், பிறகு விடுதி, பிறகு மருத்துவமனை. ஒப்படைக்க ஓடிய பெற்றோரின் கைக்கு அறிவும் மருந்தும் எப்போது வந்தன, வந்த பின்பும் ஏன் எல்லா வீடுகளையும் எட்டவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் வினா. வினாவை நிறுத்திப் பார்ப்பதற்குப் புதுச்சேரியின் மேற்கே உள்ள மூலக்குளத்தை எடுத்துக்கொள்வோம்.

*

சொற்களிலிருந்து தொடங்கலாம். காக்காய் வலிப்பு என்று நாம் சொல்லும் நோய்க்கும் காகத்துக்கும் தொடர்பில்லை; கால் கை வலிப்பு என்பதே பேச்சில் திரிந்து அப்படி ஆயிற்று என்பர். கைக்குழந்தைக்குக் காய்ச்சலில் வருவதை ஜன்னி என்றும் இழுப்பு என்றும் நம் வீடுகளில் சொன்னார்கள். பாலவாகட நூல்கள் மாந்தம், கணம், தோஷம் என்று குழந்தை நோய்களைப் பகுத்து, இழுப்பை அவற்றிடையே வைத்தன. பெயரிட்டவர்கள் கவனித்தே பெயரிட்டிருக்கிறார்கள். காய்ச்சலோடு வரும் இழுப்பும் காய்ச்சலின்றித் திரும்பத் திரும்ப வரும் வலிப்பும் ஒன்றல்ல என்பது ஊர் மருத்துவச்சிக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மருத்துவமும் அந்தப் பிரிவினையிலிருந்துதான் தொடங்குகிறது.

கிரேக்கத்திலும் இந்நோய் தெய்வத்தின் செயலாகவே கருதப்பட்டது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் ஹிப்போகிரட்டிஸின் பெயரால் வழங்கும் நூலொன்று, இதை மற்ற நோய்களைவிடப் புனிதமானது என்று கொள்ள ஒரு காரணமும் இல்லை, இது மூளையில் பிறப்பது என்று வாதிட்டது. வாதம் வென்றதற்கு அடையாளம் அடுத்த 2000 ஆண்டுகளில் அதிகம் தென்படவில்லை. மூளையில் பிறப்பது என்று சொன்னவர்களிடமும் அதை நிறுத்தும் மருந்து இல்லை. மருந்தில்லாத உண்மையைவிட மருந்தென்று சொல்லிக்கொள்ளும் நம்பிக்கையே தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும், அதில் வியப்பில்லை.

ஆகவே வீடு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தது. செருப்பையும் வெங்காயத்தையும் முகரக் கொடுத்தது. பல்லிடுக்கில் கரண்டியைச் செருகியது. சில இடங்களில் சூடு போட்டது. இரும்பைப் பிடித்ததும் வலிப்பு நின்றது என்று ஆயாக்கள் சாட்சி சொல்வதில் பொய்யில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடும். இரும்பைத் தேடி எடுத்துவரும் நேரமும் ஏறக்குறைய அதுவே. நிற்கவிருந்த வலிப்பு நின்றது. பெயர் இரும்புக்குப் போயிற்று. சாவிக்கொத்தால் பெரிய கேடில்லை. வாயில் செருகிய கரண்டியால் உடைந்த பற்களும், மயங்கிக் கிடக்கும் குழந்தையின் வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனதும், சூட்டின் தழும்பும் கேடு. இக்கேடுகளைக் கண்டே மருத்துவமனை, 'நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள்' என்று பெற்றோரிடம் சொல்லத் தொடங்கியது. சொன்ன காலத்தில் அது சரியான சொல்லே.

*

புதுச்சேரிக்கு மருத்துவக் கல்வி வந்தது முன்னமே. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் இங்கு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதாக ஜிப்மர் தன் வரலாற்றைக் குறிக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1824-இல், பாரிஸில் கல்மேய் என்ற இளம் மருத்துவர் வலிப்பு பற்றித் தம் ஆய்வேட்டை அளித்தார். ஒரு வலிப்பு நின்று நினைவு திரும்புமுன் அடுத்தது தொடங்கி, ஓயாமல் நீளும் நிலையை அவர் தனியே பிரித்துக் காட்டினார். அந்நிலைக்கு அவர் பயன்படுத்திய பெயர் நோயாளிகளிடையே புழங்கியது: 'எத்தா த மால்', நோய் நிலை. இன்று உலக மருத்துவம் 'ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்' என்று சொல்வதும் நாம் தொடர் வலிப்பு என்று சொல்வதும் அதையே. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்படும் முக்கியமான நரம்பியல் காரணங்களுள் ஒன்று இது.

அக்காலத்துப் பாரிஸில் வலிப்புள்ள குழந்தை மருத்துவமனைக்குப் போனால் திரும்பி வருவது அரிது. பிசெத்ர் மருத்துவமனையில் 1879 முதல் 1905 வரை குழந்தைகள் பிரிவை நடத்திய பூர்னெவில், அங்கே வாழ்ந்த பிள்ளைகளுக்குப் பாடமும் கைத்தொழிலும் கற்பிக்கப் போராடியவர். போராட வேண்டியிருந்தது என்பதே அவ்விடம் எப்படிப்பட்டது என்று காட்டும். பிள்ளைகள் அங்கே சிகிச்சைக்கு வந்து போகவில்லை, அங்கேயே குடியிருந்தார்கள்.

அந்தக் குடியிருப்பைக் கலைத்தது மாத்திரை. 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் புரோமைடு உப்பு வலிப்பைக் குறைப்பதாக அறிவித்தார். அது தூக்கத்தையும் மந்தத்தையும் கூடவே தந்தது. 1912-இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் ஹாப்ட்மான் ஃபீனோபார்பிட்டாலின் பயனைக் கண்டார். கார்டினால் என்ற வணிகப் பெயரில் நம் முந்தைய தலைமுறை அறிந்த மாத்திரை அதுவே. 1938-இல் அமெரிக்காவில் மெர்ரிட்டும் புட்னமும் ஃபெனிட்டாயினைக் கொண்டுவந்தனர். 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. பியேர் எய்மார் என்ற ஆய்வாளர் தாம் உருவாக்கிய சில பொருள்களைக் கரைப்பதற்கு வால்ப்ராயிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். கரைக்கப்பட்ட பொருள்கள் எல்லாமே வலிப்பைத் தடுப்பதாகத் தெரிந்தது. மருந்து அவற்றில் இல்லை, கரைத்த நீர்மத்தில் இருந்தது என்பது பிறகே விளங்கியது. 1967-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வால்ப்ரோயேட் இன்றும் நம் மருந்துச் சீட்டுகளில் தொடர்கிறது.

நம் பக்கத்தில் நரம்பு மருத்துவம் தனித்துறையாக எழுந்தது விடுதலைக்குப் பின்னரே. 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறைகளைத் தொடங்கினர். கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த சாண்டி, 1952-இல் வேலூரில் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையையே செய்தார். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956-இல் கோரிமேட்டில் புதிய கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, அது 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. அதன் பிறகு இந்த வட்டாரத்தில் வலிப்பு கண்ட குழந்தைக்குப் போக ஓர் இடம் இருந்தது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பேருந்தேறி வந்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

*

இப்போது மூலக்குளத்துக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் ரெட்டியார்பாளையத்தை அடுத்து, உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கிறது. அதே சாலையில் நகரை நோக்கி வந்தால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. கோரிமேட்டில் ஜிப்மர். மூன்றும் ஆட்டோவில் போய்விடும் தொலைவு. தமிழ்நாட்டின் பல மலையூர்களோடு ஒப்பிட்டால் இது பெரும்பேறு.

ஆனால் இந்த அண்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நள்ளிரவில் மூலக்குளத்து வீடொன்றில் நான்கு வயதுக் குழந்தைக்கு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுந்து, விளக்கைப் போட்டு, அலறி, பக்கத்து வீட்டாரை எழுப்பி, வண்டி பிடித்து, சாலையைக் கடந்து, அவசரப் பிரிவில் சீட்டுப் போட்டு, செவிலியர் ஊசி ஏற்றும் நரம்பைக் கண்டுபிடிப்பதற்குள் முப்பது நிமிடங்கள் எளிதில் கழிந்துவிடும். வலிப்பு வழியிலேயே நின்றிருந்தால், நின்ற பிறகு கண்காணிப்புக்காக ஒரு சேர்க்கை. நிற்காதிருந்தால், அது கடினப்பட்ட பிறகு ஒரு சேர்க்கை. மருத்துவமனை எவ்வளவு அருகில் இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்கே உரியது. அந்த ஐந்து நிமிடத்தில் வீடு வெறுங்கையாக நிற்கிறது.

குழந்தைகள் வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் காரணங்களை அடுக்கிப் பார்த்தால், அவற்றுள் பல வீட்டிலும் ஊரிலும் தடுக்கக்கூடியவை என்று தெரிகிறது.

முதலாவது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருவதாக மேலைநாட்டுக் கணக்கு சொல்கிறது. பார்க்க அஞ்சத்தக்கது, பெற்ற தாய் குழந்தை இறந்துவிட்டது என்றே எண்ணுவாள். எளிய வகையாயின் மூளைக்குக் கேடு செய்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு மீண்டும் வரும். பிற்காலத்தில் வலிப்பு நோயாக மாறும் வாய்ப்போ மிகச் சிறிதே கூடும். பாராசிட்டமால் உடம்பு நோவைத் தணிக்கும், ஆனால் அடுத்த வலிப்பைத் தடுக்காது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. மாத்திரை தாமதமானதால்தான் வந்தது என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மாருக்கு இதைச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளுக்குக் காய்ச்சல் நாள்களில் மட்டும் க்ளோபஸாம் கொடுத்துப் பார்க்கும் முறை வேலூரில் ஆராயப்பட்டு 2005-இல் வெளியானது. யாருக்கு அது தேவை என்பது மருத்துவர் முடிவு.

இரண்டாவது, மாத்திரை விட்டுப் போதல். வலிப்பு ஆறு மாதம் வரவில்லை என்றால் நோய் போய்விட்டது என்று வீடு முடிவு செய்துவிடுகிறது. அல்லது மருந்துக்கடையில் இருப்பில்லை. அல்லது கூலி நாள் கெடும் என்று மறுபரிசோதனைக்குப் போகவில்லை. கர்நாடகத்தின் எளந்தூரில் கே. எஸ். மணியும் உடனிருந்தோரும் நடத்திய பணி 2001-இல் லான்செட் இதழில் வெளியானது. விலை குறைந்த ஃபீனோபார்பிட்டாலும் ஃபெனிட்டாயினும், தவறாமல் கிடைத்துத் தவறாமல் உட்கொள்ளப்பட்டால், சிற்றூர்களிலும் வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று அது காட்டியது. கல்வியும் மருத்துவமும் மிகுந்த கேரளத்தில்கூட 2000-இல் வெளியான ஆய்வொன்று, வலிப்புள்ளோரில் 38 விழுக்காட்டினர் மருந்தின்றி இருந்ததைக் கண்டது. தகுந்த மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இடைவெளி இவ்விரண்டு எண்களுக்கும் நடுவில் கிடக்கிறது.

மூன்றாவது, நாடாப்புழுவின் முட்டை. 1980களில் ஸ்கேன் வந்த பிறகு, வலிப்போடு வந்த பலருடைய மூளையில் சிறு கட்டியொன்று தெரிந்தது. காசநோய் என்று கருதி நீண்ட மருத்துவம் செய்தனர். வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அத்தகைய கட்டிகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளநிலைக் கூடுகள் என்று நிறுவினர். 2006-இல் வெளியான வேலூர் மாவட்டக் கணக்கெடுப்பு, அங்கு வலிப்புள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணம் என்றது. பன்றியிறைச்சி உண்ணாத வீடுகளிலும் இது வருகிறது. புழுவுள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டை கையிலும் கீரையிலும் தண்ணீரிலும் ஏறிவிடுகிறது. ஆகவே கழிப்பறையும் சோப்பும் கழுவிய காய்கறியும்கூட வலிப்புக்கு மருந்து. தடுப்பூசியையும் இதோடு சேர்க்க வேண்டும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்துகூட்டுத் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், அடுத்த கட்டத்தில் புதுச்சேரியிலும் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. மூளைக்காய்ச்சல் வராத குழந்தைக்கு அதன் பின்விளைவான வலிப்பும் வருவதில்லை.

நான்காவது, தென்னிந்தியாவுக்கே உரியது என்று சொல்லத்தக்கது: வெந்நீர் வலிப்பு. தலைக்குச் சூடான தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வருகிறது. 1960களில் இதை விரிவாக எழுதியவரும் கே. எஸ். மணியே. பெங்களூர் நிம்ஹான்சின் சதீஷ்சந்திராவும் குழுவினரும் 1988-இல் 279 பேரைப் பற்றி எழுதினர். எண்ணெய்க் குளியலைப் பெருமையாகக் கொண்ட நம் வீடுகளில் இதைக் குளியலறைப் பேயாகவே கண்டிருப்பார்கள். தீர்வு மிக எளிது: வெதுவெதுப்பான நீர், தலைக்குக் கொஞ்சமாக. அதற்கும் அடங்காதவர்களுக்குக் குளியலுக்கு முன் மருத்துவர் சொல்லும் ஒரு மாத்திரை.

*

இனி ஐந்து நிமிடங்களின் கதை.

கை கால் இழுக்கும் வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. முப்பது நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு நிலையான கேடு நேரலாம். 2015-இல் உலக வலிப்பு நோய் எதிர்ப்பு அமைப்பு இவ்விரண்டு எல்லைகளையும் வரையறையாகவே எழுதியது. காரணம் வேதியியலில் இருக்கிறது. டயஸிபாம், மிடஸோலாம் போன்ற மருந்துகள் நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள சில ஏற்பிகளைப் பற்றி, மின்கொந்தளிப்பை அடக்குகின்றன. வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் அணுவுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. பூட்டு உள்ளே போன பிறகு வரும் சாவிக்கு வேலை குறைவு. ஆகவே பத்தாவது நிமிடத்தில் வீட்டில் கொடுத்த சிறு அளவு மருந்து, நாற்பதாவது நிமிடத்தில் மருத்துவமனையில் ஏற்றிய பெரிய அளவு மருந்தைவிட அதிகம் சாதிக்கக்கூடும்.

இதை உணர்ந்தவர்கள் நரம்பில் ஊசி ஏற்றாமல் மருந்தைச் செலுத்தும் வழிகளைத் தேடினார்கள். 1970களின் இறுதியில் டென்மார்க்கில் டயஸிபாம் கரைசலை ஆசனவாய் வழியே செலுத்தும் முறை குழந்தைகளிடம் ஆராயப்பட்டுப் பெற்றோர் கைக்கு வந்தது. பயன் தந்தது, ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு, வகுப்பறையில், பிறர் பார்க்க அதைச் செய்ய யாரும் கூசுவர். 1999-இல் இங்கிலாந்தில் ஒரு சிறப்புப் பள்ளி மாணவரிடம் மிடஸோலாமைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே விட்டுப் பார்த்தனர். டயஸிபாமுக்கு இணையாக வேலை செய்தது. 2005-இல் வெளியான பெரிய ஆய்வில் கன்னவழி மிடஸோலாம் 56 விழுக்காட்டு நிகழ்வுகளிலும் ஆசனவழி டயஸிபாம் 27 விழுக்காட்டிலும் பயன் தந்தன. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மூக்கில் விடும் மிடஸோலாமை ஆசனவழி டயஸிபாமோடு ஒப்பிட்டு 2006-இல் எழுதினர், மூக்குவழி முந்தியது. இன்று அது மூக்கில் தெளிக்கும் சிறு புட்டியாக நம் மருந்துக்கடைகளில் சீட்டுக்குக் கிடைக்கிறது.

முதல் மருந்துக்கும் அடங்காத வலிப்புக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்ற வினாவுக்குப் புதுச்சேரியிலேயே விடை தேடினார்கள். ஜிப்மரின் குழந்தை மருத்துவர்கள் ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட், லெவெட்டிராசிட்டம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றும் ஏறக்குறைய ஒத்த பலனே தந்தன. சற்று முன் 2019-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகளும் மருந்துகளிடையே பெரிய வேறுபாடு காணவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும் நமக்கு ஒன்று தோன்றுகிறது: எந்த மருந்து என்பதைவிட எப்போது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. 'எப்போது' என்பதற்குப் பொறுப்பேற்கக் கூடியவர் பக்கத்தில் படுத்திருக்கும் தாயோ தகப்பனோ ஆயாவோதான்.

அவர்கள் அறிய வேண்டியது ஒரு தாளில் அடங்கும். கடிகாரத்தைப் பார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வை. கழுத்துப் பொத்தானைத் தளர்த்து. வாயில் எதையும் வைக்காதே, ஊற்றாதே. கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதே. ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் மருந்தை மூக்கில் விடு; மூச்சைக் கவனி; வண்டியை அழை. எப்போது தயங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்: முதல் முறையாக வந்த வலிப்பு, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, மருந்துக்கும் நிற்காதது, ஒரே நாளில் திரும்ப வந்தது, உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, நின்ற பின்னும் தெளியாத நினைவு, கழுத்து விறைப்பு. தாள் ஓடுவதைத் தடுப்பதற்காக எழுதப்படுவதில்லை. எப்போது ஓடுவது, எப்போது உட்கார்ந்து பார்ப்பது என்று பிரித்தறிய எழுதப்படுகிறது.

இங்கிலாந்தில் இந்தத் தாளை எழுதித் தந்து, பெற்றோருக்குக் கற்பித்து, தொலைபேசியில் ஐயம் தீர்ப்பதற்கென்றே வலிப்பு நோய்ச் செவிலியர் உள்ளனர். எந்த மருத்துவமனை இதைச் செய்கிறது, எது செய்யவில்லை என்று 2009 முதல் நாடு முழுவதும் தணிக்கை நடக்கிறது. நம்முடைய புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் முன் நூறு பேர் காத்திருக்கிறார்கள். சீட்டில் மாத்திரையை எழுத இரண்டு நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடத்தைக் கற்பிக்க ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. நாம் இங்கே குறை கூற முனையவில்லை. அந்த வேலை மருத்துவருடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதையே சுட்டுகிறோம். செவிலியரும் ஆஷா பணியாளரும் அங்கன்வாடி ஆசிரியையும் கற்றுத் தரக்கூடியது அது.

*

மருந்தும் தாளும் இருந்தும் பயன்படாமல் போவதற்கு ஒரு காரணம் எஞ்சியிருக்கிறது: மறைத்தல். பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று பள்ளியில் சொல்வதில்லை. சொன்னால் சேர்க்க மாட்டார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்ற அச்சம். பெண் பிள்ளையாயின் அச்சம் இரட்டிப்பு. இந்து திருமணச் சட்டமே 1999 வரை வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. அவ்வாண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கியது. சட்டத்திலிருந்து போன சொல் ஊரின் வாயிலிருந்து போகவில்லை. விளைவு, வகுப்பில் வலிப்பு வரும்போது ஆசிரியைக்கு அது புதுச்செய்தி. மூக்கில் விடும் புட்டி வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிள்ளை பள்ளித் தரையில் கிடக்கிறது. கொல்லி மழவன் ஒரு நாட்டுத் தலைவன். தன் மகளின் நோயை மறைக்க எல்லா வசதியும் உள்ளவன். அவன் அவளைப் பலரும் வந்து போகும் திருமுன்னிலேயே கிடத்தினான் என்று சேக்கிழார் சொல்வதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மருத்துவமனைச் சேர்க்கைகள் குறைந்தன என்ற எண் மட்டும் மகிழ்ச்சிக்குரியது அன்று. 1823-இல் இவ்வூரிலிருந்து வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் அநேகமாக இருந்திருக்க மாட்டார்கள்; அவர்கள் வீட்டிலேயே இழுத்தார்கள், சிலர் வீட்டிலேயே இறந்தார்கள். 2020-இல் ஊரடங்கின்போதும் மருத்துவமனைக்கு வருவது குறைந்தது; நோய் குறையவில்லை. படுக்கை காலியாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: குழந்தைக்கு வலிப்பு வராமல் இருக்கலாம், அல்லது குழந்தை வந்து சேராமல் இருக்கலாம். கணக்கெழுதுபவர் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடக் கூடாது. எத்தனை குழந்தைகள் மாத்திரை விடாமல் உண்கிறார்கள், எத்தனை வீடுகளில் அந்தத் தாளும் புட்டியும் இருக்கின்றன, எத்தனை பள்ளிகளுக்கு உண்மை சொல்லப்பட்டிருக்கிறது என்று எண்ணினால், மூலக்குளத்திலிருந்து கோரிமேட்டுக்கு நள்ளிரவில் ஓடும் ஆட்டோக்கள் குறைவதற்கு உரிய பொருள் கிடைக்கும்.